உன் மாமியாரும் நம் வீட்டு ரஷ்ய விருந்தாளியும்

கதிர்,

நீயும் ஒலெனாவும் டப்ளின் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். இங்கே வீட்டில் இன்னும் கல்யாணக் களை போகவில்லை. வாசல் போர்ச்சில் கட்டிய மாவிலை காய்ந்து சருகாகிவிட்டது. அவிழ்க்கப் போனால், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அம்மா தடுக்கிறாள். போனில் நம் இரண்டு பேருக்கும் பேச்சு "சாப்புட்டியா" என்பதில் தொடங்கி "சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பதில் முடிந்துவிடும். அது உனக்கும் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நாம் போனில் போட்ட சண்டைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ லீவு கிடைத்து வந்து இறங்குவதற்கு முன்பே, உன் மாமியார் வந்த அந்த வாரத்தில், அந்தச் சண்டை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை உனக்கு முழுசாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்று நீ கேட்டது சின்ன விஷயம்தான். "அப்பா, நம்ம ஹோம்ஸ்டேல இனிமே ரஷ்யாக்காரங்கள எடுக்காதீங்க. உக்ரைன் போர் முடியுற வரைக்கும்." ஐரோப்பாவில் பல நாடுகள் ரஷ்யர்களுக்குச் சுற்றுலா விசாவைக் குறைத்துவிட்டன, சில நாடுகள் கதவையே மூடிவிட்டன, அது போதாது என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், நீங்கள் என்னடா என்றால் அவர்களுக்குத் தோசை சுட்டுப் போடுகிறீர்கள் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நான் உன்னிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, நீ கிள்ளானில் ஹவுஸ்மேனாக, பயிற்சி டாக்டராக, இருந்தபோது ரூம் தேடியது. போனில் ரூம் இருக்கு வாங்க என்ற ஆள், உன் பேரைக் கேட்டதும் ரூம் போய்விட்டது என்றான். இந்தியர்களுக்கு இல்லை என்று நேராகவே விளம்பரத்தில் போட்டவர்களும் இருந்தார்கள். நீ காரில் உட்கார்ந்து சிரித்தாய்; நான் உன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதையே நான் இன்னொருத்தனுக்குச் செய்யணுமா?" என்று கேட்டேன். இரண்டாவது, உன் தாத்தா கதை. சயாமுக்கு ரயில் சடக்கு, அதாவது தண்டவாளம், போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய், தம்பியை அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பி வந்த மனுஷன், பிறகு நம் வீட்டில் ஒரு ஜப்பான்காரனுக்குத் தன் கையால் சோறு போட்டார். "அவரே போட்டாரு. நாம யாரு கதவ சாத்த?" என்றேன்.

"அது வேறப்பா, இது வேற. உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் மறுநாளே கோபம் போய், எனக்கு என்னதான் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. தொழிற்சாலையில் மெஷின் நின்றால் சூப்பர்வைசர் திட்டுவார் என்ற பயத்தைவிட ஏன் நின்றது என்ற கேள்விதான் எனக்கு எப்போதும் பெரிதாக இருக்கும். ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. காலையில் தே தாரிக் குடிக்கப் போன இடத்தில் ஷாகுல் அண்ணனிடம் கேட்டேன். அவர் கடையில் எல்லா நாட்டு நியாயமும் ரொட்டி சானாயோடு சேர்ந்து கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும்.

"ஏன் அண்ணே, ஒரு நாடு தப்பு பண்ணா அந்த நாட்டு ஆளுங்கள எல்லாம் உள்ள விடாம இருக்குறது நியாயமா?"

அவர் மாவை வீசிக்கொண்டே சிரித்தார். "உன் மலேசியா பாஸ்போர்ட்ட தொறந்து பார்த்திருக்கியா? இஸ்ரேல் தவிர மத்த நாட்டுக்கெல்லாம் செல்லும்னு போட்டிருக்கு. அந்த நாட்டு ஆளும் இங்க சும்மா வந்துற முடியாது. இத்தன வருசமா அத ஜேபில வச்சிக்கிட்டு சுத்துற. ஒரு நாளாச்சும் இது நியாயமான்னு கேட்டியா?"

"கேட்டதில்ல."

"நானும் கேட்டதில்ல. எனக்கு அது சரின்னு படுது, அதான் கேக்கல. உன் மகனுக்கு இது சரின்னு படுது. அப்புறம் என்னலா, அவன மட்டும் போட்டு நோண்டுற?"

நான் தே தாரிக்கைக் குடித்துவிட்டு வந்தேன். நமக்குப் பிடித்த இடத்தில் இந்தத் தடையை இயல்பு என்கிறோம், பிடிக்காத இடத்தில் அநியாயம் என்கிறோம். இது அவர் வாதத்துக்கும் பொருந்தும், என் வாதத்துக்கும் பொருந்தும். யோசிக்க யோசிக்க விஷயம் பெரிதாகிக்கொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் மாக்சிம் வந்தான். நாற்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலை, மேல் ரூமில் உட்கார்ந்தபடி எந்த நாட்டுக்கோ வேலை செய்தான். ரஷ்யர்களுக்கு நம் நாட்டில் விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். நல்ல மாதிரிதான். செருப்பைச் சொல்லாமலேயே வெளியில் கழற்றுவான். அம்மாவின் சாம்பாரைக் கிண்ணத்தோடு குடிப்பான். ஒரு நாள் கார்ப் போர்ச்சில் நின்று கேட்டேன். "உங்க நாடு பக்கத்து நாட்டு மேல போர் செய்யுதே, நீ என்ன நினைக்கிற?" அவன் முகம் உடனே சாத்திக்கொண்டது. "எனக்கு அரசியல் தெரியாது சார். நான் ஓய்வெடுக்க வந்தேன்" என்றான். எனக்கு அந்தப் பதில் அப்போது நியாயமாகவே பட்டது. எத்தனை பேருக்குத்தான் அரசியல் தெரிகிறது?

உன் மாமியார் வரும் தேதிக்கு முன்பே அவன் போய்விடுவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றான். நான் தலையாட்டிவிட்டேன். அம்மாதான் பயந்தாள். "சம்பந்தி வர்ற நேரத்துல இவன் இங்க இருந்தா சுசா ஆயிடும்லா, நமக்குத்தான் கஷ்டம்" என்றாள். மேல் ரூமுக்கும் கீழ் ரூமுக்கும் என்ன சம்பந்தம், ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட மாட்டார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஹலீனா சம்பந்தி வந்து இறங்கினார். கார்கிவிலிருந்து ரயிலில் போலந்துக்கு வந்து, அங்கிருந்து விமானம் மாறி மாறி வந்த களைப்பில்கூட, அம்மாவுக்கு ஒரு பூத்தையல் போட்ட மேசை விரிப்பை முதலில் எடுத்து நீட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நீ அங்கே மருத்துவம் படித்த காலத்தில் உனக்குப் போர்ஷ் சூப்பு ஊற்றிக் கொடுத்தவர் என்று ஒலெனா சொல்லியிருக்கிறாள். அதற்காகவே அம்மாவுக்கு அவர்மேல் பாசம். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் எங்களுக்கு அவர் போன்தான் வாய். அவர் உக்ரைன் பாஷையில் பேசுவார், போனிலிருந்து ஒரு பெண் குரல் வானொலிச் செய்தி வாசிப்பது போல் தமிழ் பேசும். நாங்களும் அதற்குப் புரிவதற்காகப் புத்தகத் தமிழில் பேசவேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் அம்மா ஒரு 'லா' சேர்த்துவிட்டால் போன் குழம்பி என்னவோ சொல்லும், மூன்று பேரும் சிரிப்போம். சம்பந்தி டிராம் ஓட்டியவராம். இன்னும் கார்கிவில்தான் இருக்கிறார். மகள் எவ்வளவு கூப்பிட்டும் ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறார்.

மறுநாள் காலை அவர் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, மாக்சிம் போனில் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தான். சம்பந்தியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் மறந்தே போயிருந்தேன், கதிர்: கார்கிவில் பாதிப் பேருக்கு ரஷ்ய பாஷை வீட்டுப் பாஷை. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவன் போனை வைத்ததும் அவர் ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் திடுக்கிட்டு, ஒரு ஊர்ப் பெயர் சொன்னான். அவர் வேறு ஏதோ சொன்னார். அவன் காப்பியைக் கூட எடுக்காமல் மேலே போய்விட்டான். சத்தம் அணைத்துவிட்ட டிவியைப் பார்ப்பது போல நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பந்தி தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இத்தன நாளா சாப்பாட்டுல நான் யாரு பாஸ்போர்ட்டையும் பார்த்ததில்ல. ஆனா இன்னிக்கு என் சம்பந்தி பாதித் தோசையோட எந்திரிச்சிட்டாங்க" என்றாள்.

அன்று சம்பந்தியைக் கோலா கங்சார் பக்கம் காரில் அழைத்துப் போவதாக முன்பே சொல்லியிருந்தேன். வர மாட்டார் என்று நினைத்தேன், வந்தார். வழியில் நான் பிறந்த தோட்டம் இருந்த இடத்தைக் காட்டினேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் இப்போது பாதி இடத்தில் வரிசை வீடுகள். ஒரு கோயில் மட்டும் நிற்கிறது. அதன் நிழலில் காரை நிறுத்தி, போனை டாஷ்போர்டில் வைத்து, காலையில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவன் தன் அம்மாவோடு பேசினானாம். இங்கே வெயில், நல்ல சாப்பாடு, யாரும் எதுவும் கேட்பதில்லை, எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, கவலைப்படாதே என்று சொன்னானாம். எந்த ஊர் என்று இவர் கேட்டிருக்கிறார். பெல்கரோட் என்றானாம். அது எல்லைக்கு அந்தப் பக்கம், கார்கிவுக்கு அடுத்த ஊர் மாதிரி. முன்பெல்லாம் சனிக்கிழமை போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வருவார்களாம். இப்போது அந்தப் பக்கத்திலிருந்துதான் ராக்கெட் கிளம்புகிறதாம். "எவ்வளவு அருகில் என்றால், அபாயச் சங்கு ஊதுவதற்கு முன்பே வெடித்துவிடும்" என்று அந்தப் பெண் குரல் செய்தி வாசித்தது. "'எல்லாம் பழையபடிதான்' என்று நீ உன் அம்மாவிடம் சொல்வதற்காகத்தான் உனக்கு இந்த நாடு கதவைத் திறந்ததா என்று அவனிடம் கேட்டேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவன் விடுமுறைக்கு வராமல் போனால் பீரங்கி நின்றுவிடுமா என்று கேட்டேன்.

"நிற்காது" என்றார். "நான் அவனை அடிக்கச் சொல்லவில்லை. பட்டினி போடச் சொல்லவில்லை. மருந்து வேண்டுமென்றால் கொடுக்கட்டும். ஆனால் விடுமுறை என்பது ரொட்டி அல்ல. அது விருந்து. விருந்துக்கு அழைப்பது அழைப்பவரின் விருப்பம். எங்கள்மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அந்த நாட்டுக்காரனை விருந்துக்கு அழைத்தால், உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் அவனிடம் சொல்கிறீர்கள். அவன் வேலை நாளில் அந்த அரசுக்கு வரி கட்டுகிறான். விடுமுறையில் எங்களை மறக்கிறான். அவனுக்குப் போர் தொலைக்காட்சியில் நடக்கிறது. விசா இல்லை என்று ஒரு தாள் வந்தால், அன்றுதான் முதல் முறையாக அது அவன் வீட்டுக்குள் நடக்கும்."

"அதில் அவனுக்கு உங்கள்மேல் கோபம் வந்தால்? தன் அரசின்மேல் வராமல்?"

"வரலாம். அது எனக்குத் தெரியாது" என்றார். அந்தப் பதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையைக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களிடம் எனக்குப் பயம், அதில் நீயும் சேர்த்தி.

அப்புறம் என் இரண்டு வாதங்களையும் எடுத்து வைத்தேன். கிள்ளானில் உனக்கு ரூம் இல்லை என்ற கதையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உன்னை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். "கதிரின் நிறம் மாறாது, அவன் எதை நிறுத்தினாலும் அந்தக் கதவு திறக்காது. அதனால் அது அநியாயம்" என்றார். "இந்தக் கதவு அப்படி இல்லை. போர் நின்றால் திறக்கும். திறக்கும் சாவி அவர்கள் நாட்டின் கையிலேயே இருக்கிறது." அது முழுப் பதில்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. மாக்சிம் கையில் என்ன சாவி இருக்கிறது? ஆனால் உனக்கு நடந்ததும் இதுவும் ஒன்றே என்று நான் நினைத்திருந்தது தவறு. அது தெளிவாகிவிட்டது.

அடுத்து உன் தாத்தா கதையைச் சொன்னேன். இதே தோட்டத்து லய வீட்டு வரிசையிலிருந்து அண்ணன் தம்பி இருவரையும் லாரியில் ஏற்றியதை, சயாம் காட்டில் காய்ச்சலில் தம்பி போனதை, மூங்கில் பாயில் சுற்றிப் புதைத்ததைச் சொன்னேன். பிறகு நான் ஈப்போவில் ஜப்பான் கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்ததை, தீபாவளிக்கு எங்கள் இன்ஜினியரை வீட்டுக்கு அழைத்ததை, அந்த மனிதர் வாசலில் நின்று தாத்தாவுக்குக் குனிந்து வணங்கியதை, தாத்தா வெகு நேரம் அவரைப் பார்த்துவிட்டு "உள்ள வரச் சொல்லு, எலை போடு" என்றதைச் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்று முழு நம்பிக்கையோடு சொல்லி முடித்தேன்.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு சொல்தான் கேட்டார். போன் அதைத் தமிழில் சொன்னது: "எப்போது?"

"எப்போது என்றால்?"

"அந்த விருந்து. போர் முடிந்து எத்தனை காலம் கழித்து?"

நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, கதிர். ஜப்பான் தோற்று, சரணடைந்து, அந்தப் படை கலைந்து, சயாம் தண்டவாளத்தில் மரம் முளைத்த பிறகு. போர் முடிந்த கையோடு சில வருஷங்களுக்கு ஜப்பான்காரர்களை மலாயாவுக்குள் விடவே இல்லை என்று தாத்தாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தம்பி காட்டில் கிடந்து முனகிய அந்த நாளில், ஜப்பானிலிருந்து ஒருத்தன் ஓய்வெடுக்க நம் லயத்துக்கு வந்திருந்தால் தாத்தா இலை போட்டிருப்பாரா? நான் அவருடைய பெருந்தன்மையை எடுத்து, அதிலிருந்து காலத்தை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, உன்மேல் வீசியிருக்கிறேன். "அது வேற, இது வேற" என்று நீ சொன்னது இதைத்தான். நீயும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம், பரவாயில்லை.

அன்று சாயங்காலம் கார்ப் போர்ச்சில் மாக்சிமைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கல்யாணம் முடியும்வரை வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன். ஒரு விருந்தாளியை நான் வெளியே அனுப்பியதே இல்லை.

"நான் என்ன செய்தேன் சார்?" என்றான்.

"நீ ஒண்ணும் செய்யல மாக்சிம். அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலத் தணிந்த குரலில் பேசினான். அவன் தம்பியைப் படைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். கொஞ்ச நாளாகத் தம்பியிடமிருந்து பேச்சே இல்லையாம். தனக்கும் ஆணை வருவதற்குள் இவன் கிளம்பிவிட்டானாம். அம்மா பெல்கரோடில் தனியாக இருக்கிறாராம்; அங்கேயும் குண்டு விழுகிறதாம், அதனால் போனில் அவருக்குத் தைரியம் சொல்வதற்காக எல்லாம் பழையபடிதான் என்கிறானாம். "அப்புறம் ஏன் ஓய்வெடுக்க வந்தேன்னு சொன்ன?" என்று கேட்டேன். "விடுமுறை என்று சொன்னால் எந்த நாட்டிலும் மேலே கேட்பதில்லை. வேறு எது சொன்னாலும் கேள்வி வரும்" என்றான்.

இப்போது என் நிலைமையைப் பார். காலையில் ஒரு பக்கம் சாய்ந்தவன், சாயங்காலம் இவன் சொன்னதைக் கேட்டு மறுபடி ஆடிப்போனேன். உங்கள் கூட்டத்தில் கேட்கிற அந்தத் தடை வந்தால் இவனும்தானே வெளியில் நிற்பான்? சம்பந்தியிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே இரங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "ஓடி வருகிறவனுக்கு வேறு கதவு வேண்டும். அது திறந்திருக்க வேண்டும், அதை நானும் சொல்கிறேன்" என்றார். "ஆனால் அந்தக் கதவில் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்லவேண்டும். அவன் அதை உங்களிடம் காதோடு சொன்னான். என்னிடம் சொல்லட்டும்."

நான் மாக்சிமிடம் அதைச் சொன்னேனே தவிர வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அவன் பையோடு இறங்கி வந்தான். சம்பந்தி மேசையில் இருந்தார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே ரஷ்ய பாஷையில் கொஞ்ச நேரம் பேசினான். நடுவில் ஒரு சொல்லில் அவனுக்குக் குரல் தடுமாறி, மறுபடி அதே சொல்லை அழுத்திச் சொன்னான். அது 'போர்' என்ற சொல் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சொல்லை அங்கே வெளியில் சொல்வதற்கே பயப்படுவார்களாம். இது போர், தொடங்கியது நாங்கள், நான் எதிர்த்து நிற்கவில்லை, ஓடி வந்தேன் என்றானாம். சம்பந்தி அவனைப் பார்த்தபடியே இருந்தார். கை கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. பிறகு, மகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுப்பது போன்ற சாதாரணக் குரலில் ஏதோ வரிசையாகச் சொன்னார். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அம்மாவிடம் கைகூப்பிவிட்டு பினாங்கு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். போன் சொன்னது: "குண்டு விழும்போது ஜன்னலுக்கும் தனக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கும்படி அவன் அம்மாவைப் படுக்கச் சொன்னேன். குளியல் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னேன்."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கதிர், உன் கல்யாணத்தில் சம்பந்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றதையும், ஷாகுல் அண்ணன் அவருக்கு ரொட்டி வீசிக் காட்டியதையும்தான் நீ பார்த்தாய். இந்த வாரத்தை நீ பார்க்கவில்லை. இதற்குப் பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று நீ கேட்கலாம். பெரும்பாலும் உன் பக்கம்தான். ஒரு நாடு அடுத்த நாட்டை அடித்துக்கொண்டிருக்கும் வரையில், அந்த நாட்டுக்காரர்களுக்கு உல்லாசக் கதவைச் சாத்தி வைப்பது பகையல்ல, ஒரு வகை மரியாதை. அடிபடுகிறவருக்குக் காட்டும் மரியாதை. ஆனால் நீ மேடையில் சாத்து சாத்து என்று பேசும்போது, அந்த இன்னொரு கதவைப் பற்றியும் அதே சத்தத்தில் பேசு. அடைக்கலம் கேட்டு வருகிறவனுக்கு நம் நாட்டில் ஒழுங்கான சட்டக் கதவு ஒன்று இல்லை என்பதே மாக்சிம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்கதவில் கேள்வி இல்லை, பின்கதவோ இல்லவே இல்லை. உங்கள் ஊரிலாவது இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார். ஒன்றைச் சாத்தி மற்றதைத் திறக்க மறந்தால் அது கிள்ளான் வீட்டுக்காரன் வேலைதான். இதை நான் புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கே இது புதுப் பாடம்.

நம் வீட்டிலும் வழக்கம் மாறிவிட்டது. அந்த நாட்டிலிருந்து யார் ரூம் கேட்டாலும், எதற்கு வருகிறீர்கள் என்று கேட்கிறேன். ஒருத்தர் கடலும் வெயிலும் என்று சிரித்த முகத்தோடு பதில் போட்டார். மன்னிக்கவும், இப்போது முடியாது, போர் நின்றதும் வாருங்கள் என்று எழுதினேன். அவர் திட்டி எழுதினார், இருக்கட்டும். போன வாரம் ஒரு அம்மாள் கேட்டார். அதே கேள்வியைக் கேட்டேன். பிறகு, "என் மகனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது" என்று மட்டும் வந்தது.

அங்கே அது படைக்கு எடுக்கும் வயது. அந்தத் தாயும் மகனும் இப்போது உன் ரூமில்தான் இருக்கிறார்கள். சொல்லாமல் செய்தால் தப்பாகிவிடும் என்று அம்மா கார்கிவுக்குப் போன் போட்டாள். அந்த வானொலிக் குரல் வழியாகப் பயந்து பயந்து எல்லாவற்றையும் சொன்னாள். லைன் போய்விட்டது என்றே நினைத்தோம். அப்புறம் ஹலீனா சம்பந்தி கேட்டார்:

"அந்தப் பையன் சரியாகச் சாப்பிடுகிறானா?"

அப்பா